நீலப் புள்ளிகள்

பால் சர்க்கரையைச் செரிக்கிற மரபணு கெடாமல் இருந்தால், பாக்டீரியா ஆய்வுத் தட்டில் நீலப் புள்ளியாக முளைக்கும். அந்த மரபணுவின் நடுவே மனித மரபணுவைச் செருகிவிட்டால் அது கெட்டு, வெள்ளையாக முளைக்கும். ஒரேயொரு வெள்ளைப் புள்ளிக்காக எப்சிபா தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முழுக்க நீலம்; மனித மரபணு எதிலும் ஏறவில்லை. இறந்துபோன சிறுமி தர்ஷினியிடமிருந்து இந்த மரபணுவுக்காக எடுத்து வைத்திருந்த ரத்தத்தில் இனி ஒரு சொட்டுகூட மிச்சமில்லை.

ஆய்வுக்கூட வாசலில் காத்திருந்த தர்ஷினியின் அப்பா பொறுக்கமாட்டாமல் உள்ளே வந்துவிட்டார். உங்கள் மகளின் ஒரு துணுக்கு இங்கே உயிரோடு வளரும் என்று எப்சிபாதான் அவரிடம் சொல்லியிருந்தாள்.

“முளைச்சிட்டாளா மேடம்!” தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். “பாத்தியளா, நீலமா வந்திருக்கா. அவளுக்கு நீலம்னா உசுருல்லா. எந்தக் கடைக்குப் போனாலும் நீலப் பாவாடைதான் கேப்பா.”

எப்சிபா தட்டைத் திரும்ப வாங்கக் கை நீட்டினாள். அவர் கொடுக்கவில்லை.

“இதுல எது மேடம் எம் பிள்ள?”

எப்சிபாவின் விரல் தட்டின் மேல் வெகுநேரம் அலைந்தது. பிறகு ஓரத்தில் இருந்த ஒரு புள்ளியைத் தொட்டுக் காட்டினாள்.

ஏசிக் காற்று படாமல், அந்தப் புள்ளிக்கு மட்டும் அவர் உள்ளங்கையைக் குவித்துப் பிடித்தார்.