இருபத்தைந்தாவது கலங்கரை விளக்கம்

மேசைமேல் விரித்திருந்த அச்சுத்தாளில் கடைசி மூலை வெறும் வெள்ளையாக இருந்தது.

வெட்டப்படாத முழுத்தாள். வரிசைக்கு ஐந்தாக இருபத்துநான்கு கலங்கரை விளக்கப் படங்கள். இருபத்தைந்தாவது இருக்கவேண்டிய கட்டத்தில் ஒரு கோடுகூட இல்லை.

நோரா பிளென்கின் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தாள்.

சிகரெட் பாக்கெட்டோடு வரும் பட அட்டைகளைச் சேகரிக்கும் சண்டர்லாந்து சங்கத்தின் சனிக்கிழமைக் கூட்டம் அது. சர்ச் கூடம் முழுக்கப் புகை. இருபது ஆண்கள், நோரா ஒருத்தி. இழுத்து மூடிய ஓர் அச்சகத்தின் பரணில் கிடந்த தாளை, சங்கத் தலைவர் ரெஜ் டாப்சன் பெருமையாகக் கொண்டுவந்திருந்தார்.

"அந்த அட்டைய அச்சடிக்கவே இல்ல அம்மணி. நாப்பது வருஷமா இல்லாத ஒண்ணத் தேடியிருக்கீங்க."

எல்லோரும் சிரித்தார்கள்.

இந்த அட்டைகளைப் போட்ட ஹெப்பிள் சகோதரர்கள் கம்பெனியை இன்று இந்த ஊரிலேயே யாருக்கும் தெரியாது. யுத்தத்துக்கு முன் கொஞ்ச காலம் மலிவு சிகரெட் விற்றுவிட்டுக் காணாமல் போனது. அதனால்தான் அதன் அட்டைகளுக்கு இத்தனை கிராக்கி.

பாக்கெட்டுக்கு ஓர் அட்டை. ஒவ்வொரு அட்டையின் முதுகிலும் ஒரே வாசகம்: இருபத்தைந்தையும் சேர்த்து அனுப்பும் பிள்ளைக்குப் புத்தம்புது சைக்கிள்.

வாக்குக் கொடுத்துவிட்டுக் கடைசி அட்டையை அச்சடிக்காமலே விட்டிருக்கிறான் கம்பெனிக்காரன். சைக்கிள் என்று ஒன்றை அவன் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டான். இதற்குப் பெயர் திருட்டு.

கூடத்தில் யாரும் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. கெட்டிக்காரப் பயல் என்று ஒருவர் மெச்சிக்கூடச் செய்தார்.

நோராவுக்கு முதல் அட்டை கிடைத்தபோது வயது பத்து. இருபத்துநான்கும் அந்த ஒரு வருடத்திலேயே சேர்ந்துவிட்டன. அதன்பிறகு அப்பாவின் கோட்டுப் பையிலிருந்து வந்ததெல்லாம் ஏற்கெனவே இருந்தவைதான். பள்ளிக்கூடத்தில் மாற்றிக்கொள்ளலாம் என்றால், யாரிடமும் அந்தக் கடைசி அட்டை இல்லை. சில வருடம் கழித்து, இருமி இருமி அவர் படுக்கையில் விழுந்த வாரத்திலும் பாக்கெட்டுக்குள் இருந்தது ஏழாம் எண்.

அவர் போனபின் அவள் தேடாத சந்தை இல்லை.

ரெஜ் பேனாவை எடுத்துச் சங்கத்தின் பட்டியலில் இருபத்தைந்தை அடித்துவிட்டு இருபத்துநான்கு என்று எழுதினார். அப்படியென்றால் நோராவின் தொகுப்பு நிறைந்துவிட்டது என்று யாருக்கோ சட்டென்று உறைத்தது.

தொகுப்பு நிறைந்தவருக்கு எல்லோரும் எழுந்து கைதட்டுவதும், தலைவரே போய்த் தேநீர் கொண்டுவருவதும் சங்கத்து வழக்கம். எழுந்தார்கள், தட்டினார்கள். ரெஜ் இரண்டு பிஸ்கட்டோடு கோப்பையைக் கொண்டுவந்து அவள் முன் வைத்தார்.

நோரா அதைத் தள்ளி வைத்தாள்.

"நெறஞ்சுதுன்னு யார் சொன்னா? இருபத்தஞ்சுன்னே எழுதுங்க. ஒண்ணு குடுக்காம ஏமாத்திட்டான்னும் சேத்து எழுதுங்க."

"இப்பவும் சைக்கிள் ஓட்டணுமா அம்மணி?" என்றது பின்வரிசை.

மறுபடியும் சிரிப்பு. அவளுக்கு முகம் கழுத்துவரை சிவந்துவிட்டது. சந்தோஷமான நாளில் இந்த அம்மாள் ஏன் இப்படி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்கிறாள் என்று அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

நோரா ஆல்பத்தைப் பைக்குள் வைத்தாள். மாற்றிக்கொள்ள உபரி அட்டைகளோடு கொண்டுவந்திருந்த பிஸ்கட் டின் மட்டும் மேசையில் திறந்தபடி இருந்தது. ரெஜ் எட்டிப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். டின் நிறைய ஹெப்பிள் அட்டைகள். ஏழாம் எண் மட்டுமே ஒரு கட்டு. மற்றவர்களும் நாற்காலியை நகர்த்திக்கொண்டு வந்து மொய்த்தார்கள்.

"ஒரே வீட்ல இத்தனையா? உங்கப்பா மில்லு புகைக்கூண்டு மாதிரி ஊதியிருப்பாரு போல," என்றார் ரெஜ்.

நோரா டின்னை மூடி, மூடியின்மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"ஞாயித்துக்கெழம சேப்பல்ல பாடுறவரு அவரு. சிகரெட்டத் தொட்டதே இல்ல, நான் சைக்கிள் கேக்குற வரைக்கும்."

ரெஜ் தன் விரலிடுக்கில் எரிந்துகொண்டிருந்த சிகரெட்டை எங்கே வைப்பதென்று தெரியாமல், மேசையைச் சுற்றிப் பார்த்தார்.