ஒரு விரற்கடை

முன்சக்கரத்துக்கு அடியில் வைத்த எலுமிச்சம்பழம் உருண்டு விலகியது.

"லட்சுமி, பழம் ஓடுது பாரு. நேரா வை," என்றார் சூப்பர்வைசர் பாண்டுரங்கன்.

செல்வலட்சுமி குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சக்கரத்தின் கீழே கையை விட்டாள்.

ஒரகடம் கம்பெனியில் ஆயுத பூஜை. எம்.டி.யின் புது ஹைபிரிட் காருக்கும் சேர்த்துத்தான். பேட்டரியில் கிளம்பும், சத்தமே இருக்காது என்று டிரைவர் கோதண்டம் காலையிலிருந்து ஆம்பளைகளிடமெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தார். பெண்கள் பக்கம் வந்து யார் சொன்னார்கள்?

அவளுக்குத் தெரிந்த வண்டியெல்லாம் உறுமிவிட்டுத்தான் நகரும். உறுமினால் கையை எடுத்துக்கொள்ளலாம் என்றிருந்தாள்.

உறுமவில்லை.

கோதண்டம் பட்டனை அழுத்தி, பிரேக்கில் வைத்த காலைத் தளர்த்தியதும் வண்டி ஒரு விரற்கடை முன்னால் அசைந்தது. அவ்வளவுதான். உடனே பிரேக் போட்டுப் பின்னால் எடுத்துவிட்டார்.

அந்த ஒரு விரற்கடை போதுமே! மூன்று விரல்கள் நசுங்கிவிட்டன.

"இன்னாம்மா, எதுனா பட்டுச்சா?" கோதண்டம் தலையை வெளியே நீட்டினார்.

"ஒண்ணுமில்லண்ணே."

பாவி மகள், வேறென்ன சொல்வாள்? பூஜை முடிந்ததும் எம்.டி. பெர்மனென்ட் ஆர்டர் கொடுக்கப் போகிறார். டிரெயினிகளில் அவள் ஒருத்திக்குத்தான். மற்றவர்கள் ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். ஒயரிங் லைனில் பொடிப்பொடி பின்களை விரலால் துழாவிச் சொருகும் வேலை. விரல் போனவளை அங்கே யார் வைத்துக்கொள்வார்கள்? கோவில்பட்டிக்குத் திரும்பினால் தீப்பெட்டி ஆபீஸ். அங்கேயும் விரல்தான் வேண்டும்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்துவிட்டது. வாய்விட்டு அழக்கூட அவளுக்குக் கொடுத்து வைக்கவில்லை.

கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள். அறைத்தோழி சுகப்பிரியாவிடம் இரவல் வாங்கிக் கட்டிய அரக்குப் பட்டு. தரையெல்லாம் சற்று முன் உடைத்த பூசணிக்காயின் குங்குமம். யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

கார் பழங்களை நசுக்கிக்கொண்டு கேட் வரை போய் வந்தது. நல்ல சகுனம் என்றார் ஐயர்.

வலி தோள் வரை ஏறியது. ஆர்டரை மட்டும் வாங்கிவிட்டால் போதும், அப்புறம் அவ்வளவு சுலபமாகத் துரத்த மாட்டார்கள் என்று அவள் நம்பினாள். வேறு எதை நம்புவாள்?

பெயரைக் கூப்பிட்டார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தாள்.

எம்.டி. கவரை நீட்டினார். அவளும் கை நீட்டினாள். கவரின் ஓரத்தைத் தொட்டும்விட்டாள்.

"இன்னாம்மா நீ, நல்ல நாளும் அதுவுமா பீச்சாங்கையாலயா வாங்குவ?" பாண்டுரங்கன் ஓடி வந்தார். "சோத்துக்கைய நீட்டு!"

கூட்டம் சிரித்தது. எம்.டி.யும் சிரித்துக்கொண்டே கவரைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு காத்திருந்தார்.

செல்வலட்சுமி முந்தானையைப் பிரிக்கத் தொடங்கினாள்.