பள்ளத்தூர் நெஞ்சு

காரின் முன் சீட்டில் உமையாள் ஆச்சி ஏறி உட்கார்ந்ததைப் பார்த்ததும் சாலாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"காரைக்குடிக்குப் போயி டாக்டரப் பாத்துட்டு வரப்போறோம். இந்த வெயில்ல நீங்க எதுக்கு?"

"என் மகன் போறான், நான் வாரேன்," என்றாள் மாமியார். வயசு எண்பது. குரலுக்கு மட்டும் இருபது.

சாலா கணவனை ஓரமாக அழைத்துப் போனாள். "பாத்தீகளா? காவலுக்கு வாராக. அங்க நீங்க உள்ளதச் சொல்லிறக் கூடாதுன்னு."

"விடு சாலா. அவுக மனசு நோகும்," என்றான் ஏகப்பன்.

உள்ளது என்னவென்று ஊருக்கே தெரியும். ஏகப்பன் பிறந்தது கொத்தமங்கலத்தில். பிள்ளையில்லாத பள்ளத்தூர் வீட்டுக்கு ஒன்பது வயதில் சுவீகாரப் பிள்ளையாக வந்தவன். தெரியுமே தவிர, ஒருத்தரும் வாயைத் திறக்கமாட்டார்கள். ஒரு கல்யாணப் பந்தியில் யாரோ, "பெத்தவ ஜாடை அப்படியே இருக்கு" என்று சொல்லித் தொலைக்க, ஆச்சி இலையை மூடிவிட்டு எழுந்தாள். மூன்று நாள் பல்லில் பச்சைத்தண்ணீர் படவில்லை. மூன்று நாளா, முப்பது நாளா என்று ஊர் இன்னும் முடிவுக்கு வரவில்லை.

சாலாவின் கவலை வேறு. ஏகப்பனைப் பெற்றவர் நாற்பத்தொன்பதில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர். அந்தக் கேதத்தில்கூட ஏகப்பன் மகனாக நிற்காமல், பங்காளிகளோடு பங்காளியாக ஓரமாய் நின்றுவிட்டு வந்தான். கூடப்பிறந்த அண்ணனுக்குப் போன சித்திரையில் பக்கவாதம். ஏகப்பனுக்கு இப்போது நாற்பத்தெட்டு.

டாக்டர் சத்தியப்பிரியா ரிப்போர்ட்டுகளைப் புரட்டினார்.

"ஈசிஜி நல்லாத்தான் இருக்கு. பிரஷரும் கொழுப்பும் வாசல் வரைக்கும் வந்து நிக்குது. அப்பா, கூடப்பிறந்தவங்க யாருக்காவது சின்ன வயசுல ஹார்ட் அட்டாக், பக்கவாதம் வந்திருக்கா? வந்திருந்தா இன்னிக்கே மேற்கொண்டு டெஸ்ட் எடுக்கணும். இல்லேன்னா உப்பக் குறைச்சு, தினமும் நடந்துட்டு, மூணு மாசம் கழிச்சு வாங்க."

சாலா கணவனைப் பார்த்தாள். கணவன் தாயைப் பார்த்தான். தாய் சுவரிலிருந்த இதயப் படத்தைப் பார்த்தாள்.

"எங்க அப்பச்சியா?" அப்பா என்றதும் ஏகப்பன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "தொண்ணூத்திரண்டு வயசு இருந்தாக டாக்டர்! விடியக்காலம் பள்ளத்தூர்ல செருப்ப மாட்டுனா, தேவகோட்டைக்கு நடந்து போயி ஒரு காப்பியக் குடிச்சுட்டு, இங்க இட்லி ஆறுறதுக்குள்ள திரும்பிருவாக. கந்தரப்பம் அம்பது தின்னுட்டு, 'உமையா, ருசி பாத்தாச்சு, இப்ப எடுத்து வையி'ம்பாக. நாடி பாத்த வைத்தியருக மூணு பேரு போய்ச் சேந்துட்டாக. மூணு கேதத்துக்கும் அப்பச்சிதான் போயி இருந்து சாப்பிட்டுட்டு வந்தாக!"

டாக்டர் சிரித்துவிட்டார். அத்தனை எரிச்சலிலும் சாலாவுக்கு மாமனாரின் நடை கண்முன் வந்து போனது. புதிதாக வந்த ஒன்பது வயசுப் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு, "என் மகன், என் மகன்" என்று தேர் பார்க்கப் போனாராம் மனிதர். கால் தரையில் இழுபட இழுபட.

"அப்ப பரம்பரையில ஒண்ணும் இல்ல?"

"இது பள்ளத்தூர் நெஞ்சு டாக்டர்!" ஏகப்பன் மார்பில் தட்டிக்கொண்டான்.

சாலா பேச வாயெடுத்தாள். மேசைக்கடியில் அவன் கை அவள் கையை இறுக்கிப் பிடித்தது. வேண்டாம் என்று கெஞ்சுகிற பிடி.

டாக்டர் பேனாவைத் திறந்தார்.

"எழுதாதீக டாக்டரம்மா."

உமையாள் ஆச்சிதான்.

"அவன் சொன்னது என் வீட்டுக்காரவுக கதை. இவன் உடம்புல அவுக ரத்தம் ஓடல. இவனப் பெத்தவரு நாப்பத்தொம்பது வயசுல மாரடைப்புல போனாரு. அண்ணனுக்குப் போன சித்திரையில வலது கையும் காலும் விழுந்துருச்சு. பெத்தவளுக்கு ரத்தக்கொதிப்பு, சர்க்கரை ரெண்டும் இருக்கு. இத எழுதுங்க."

பெற்றவளின் சர்க்கரை சாலாவுக்கே தெரியாத சேதி.

"அவுகளுக்கு இருக்கிறது உங்களுக்கு எப்படி...?" என்றாள் சாலா.

"நேத்து அவளுக்கே போன் போட்டுக் கேட்டேன். இத்தனை வருசத்துல மொத தடவை."

"ஆத்தா..." ஏகப்பன் வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். மூன்று வைத்தியர்களைக் கொன்ற வாய் அது.

சாலா தலையைக் குனிந்துகொண்டாள். "வீட்டுலயே இவுககிட்ட, டாக்டர்ட்ட உள்ளதச் சொல்லுன்னு சொல்லியிருக்கலாமே. இம்புட்டுத் தூரம் அலைஞ்சு வரணுமா?"

"சொன்னா சரி சரின்னுட்டு வந்து, இங்க அப்பச்சி கதையத்தான் அளப்பான்." ஆச்சி சேலைத் தலைப்பால் மகன் முகத்தைத் துடைத்தாள். "என் மனசு நோகக் கூடாதுன்னு இந்தப் பய உசுரையே குடுத்துருவான். எனக்கு அந்த உசுருதான வேணும்? அதான் நானே வந்தேன்."