நிரப்பாமல் நகராத கட்டம்

கடை நிலவரம் காட்டும் கணினித் திரையில் முந்நூறு கட்டங்கள் இருந்தது பிஸ்கட் கம்பெனி மேலாளருக்குத் தலைவலி. "ஏழு போதும்மா, பாத்த உடனே புரியணும்" என்றார். திரையைத் தயாரித்துக் கொடுக்கும் ஜெசிந்தா ஏழு கட்டங்களை மட்டும் விட்டுவைத்தாள். 'கடைக்காரர் சொன்னது' என்ற கட்டமும் போயிற்று. ஆனால் கடை கடையாக ஏறி இறங்கி விவரம் சேகரிக்கும் அருள்தாஸின் செல்பேசியிலிருந்து அதை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. அதை நிரப்பாமல் அவனால் அடுத்த கடைக்கு நகர முடியாது. நிரப்பிக்கொண்டே இருந்தான். 'பிஸ்கட் விற்றுத் தீரவில்லை, எலி தின்றுவிட்டது.' 'மனைவி இறந்த பிறகு பதினோரு மணிக்குத்தான் கடை திறக்கிறார். பேச ஆளில்லாமல் என்னை உட்கார வைத்துக்கொண்டார்.' மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, தன் கணினிக்கு வந்து சேர்வதை ஜெசிந்தா ஒன்றுவிடாமல் படிப்பாள். அவளைத் தவிர யாரும் படிப்பதில்லை.

ஒருநாள் அவன் போன் செய்தான். "அக்கா, நான் எழுதுறத யாராச்சும் படிக்கிறாங்களா?"

பொய் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. "கம்பெனில அத எடுக்கச் சொல்லிட்டாங்க அருள்தாஸ். இனிமே நீங்க மெனக்கெட வேணாம்."

"சரிக்கா" என்று அவன் போனை வைத்துவிட்டான்.

தான் படிப்பதைச் சொல்லியிருக்கலாம் என்று மறுநாள் டப்பாவைத் திறந்தபோதுதான் அவளுக்குத் தோன்றியது. நாற்பத்தொரு கடைகளின் விவரம் வந்திருந்தது. ஒவ்வொரு கடைக்கும் எதிரே 'கடைக்காரர் சொன்னது' கட்டத்தில் ஒரு புள்ளி மட்டும் இருந்தது. கடைசிக் கடை வரைக்கும் அவள் படித்தாள்.