எமில் கை கொடுத்த அதிபர்

ஆலை வாசலில் இருக்கும் எங்கள் மதுக்கடைச் சுவரில் அதிபர்களின் படங்கள் தொங்குகின்றன. சொன்னதைச் செய்தவர் எங்களைப் பார்க்கிறார். செய்யாதவர் சுவரைப் பார்க்கிறார். இன்று காலை எஃகு ஆலைக்குப் பூட்டுப் போட்டுவிட்டார்கள். இன்னும் எங்களைப் பார்க்கும் ஒரே ஒரு படத்தின் கண்ணாடியில் வெயில் பளிச்சிடுகிறது. "இந்த ஆலையை மூட விடமாட்டேன்" என்று சொன்ன அதிபர் அதில் எங்களோடு ஆலையில் வேலை பார்த்த எமிலின் கையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். அன்றைக்குக் கைதட்டியது நாங்கள் எல்லோரும்தான். படத்தில் மாட்டிக்கொண்டது எமில். "கை குடுத்தவன் நீதானய்யா, நீயே திருப்பு," என்கிறாள் கடைக்காரி டோரத்தி. எமில் படத்தைக் கழற்றித் திருப்புகிறான். பின் அட்டையில் செத்துப்போன அவன் மனைவியின் கையெழுத்து: "இந்த மனுஷன் சொன்னா செய்வாரு. வீட்டை வாங்கிடலாம், எமில்." படத்தை நெஞ்சோடு பிடித்தபடி எமில் நிற்கிறான். "டோரத்தி, இதை எந்தப் பக்கம் மாட்டுறது?"