நான்கு மணிக்கு விழும் சுவிட்ச்

மீன்தொட்டித் தண்ணீரில் கை வைத்தால் சுருக்கென்று இழுக்கிறது என்று ராபியா மூன்று தடவை சொல்லியிருந்தாள். "மீனு கடிச்சிருக்கும்" என்று மூன்று தடவையும் சிரித்தார் கணவர் அசன் முகம்மது. ஒரு நாள் மாலை நான்கு மணிக்கு, தீனி போடப் போனவள் ஷாக் அடித்துத் தொட்டியடியிலேயே இறந்துபோனாள்.

நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடிந்த பிறகுதான் செக்காலையிலிருந்து எலெக்ட்ரீஷியன் முத்துக்கண்ணனை வரவழைத்தார். அவன் எர்த் கம்பி இழுத்து, பிளக்கை மேலே ஏற்றி, ஷாக் அடித்தால் கரண்டைத் தானே நிறுத்தும் ட்ரிப் சுவிட்சையும் மாட்டினான்.

"அரை நாள் வேலைதான் பாய். முன்னமே கூப்பிட்டிருக்கலாம்ல?"

அசன் முகம்மது கூலியை எண்ணி அவன் கையில் வைத்தார்.

மறுநாளிலிருந்து தினமும் மாலை நான்கு மணிக்கு அந்த சுவிட்ச் தானே கீழே விழுந்து கரண்டை நிறுத்தியது. முத்துக்கண்ணன் திரும்ப வந்து எல்லாவற்றையும் சோதித்தான்.

"ஒயர்ல ஒரு கோளாறும் இல்ல பாய். தண்ணியில கை வச்சு யாருக்காச்சும் ஷாக் அடிச்சாத்தான் இது விழுகும். வீட்டுல வேற யாரு இருக்கா?"

"யாருமில்லப்பா."

அன்று நான்கு மணிக்கு அவர் தொட்டி அருகே நின்றார். சுவிட்ச் விழுந்தது. மீன்கள் எல்லாம் ராபியா வழக்கமாகத் தீனி போடும் மூலையில் மேலேறி வாயைத் திறந்தன. அந்தப் பக்கம் பார்க்க அவருக்கு முகமில்லை. சுவிட்சை மேலே தள்ளினார், மறுபடி விழுந்தது. மீன்கள் தின்று முடித்துக் கீழே இறங்கும்வரை தலைகுனிந்து காத்து நின்றார்.