நூறு எடுத்த குற்றம்

கணக்கில் நூறு எடுத்த அனோஜினியைத் தனி அறையில் இருத்தி, மறுபடியும் பரீட்சை எழுத வைத்தார்கள். நூறு எடுத்த வெள்ளைக்காரப் பிள்ளைகள் இருவரை யாரும் எதுவும் கேட்கவில்லை.

கனடாவின் மொன்றியல் நகரத் தையல் தொழிற்சாலையிலிருந்து பாதி வேலையில் ஓடிவந்த தாய் இமெல்டா, அறை வாசலில் காத்து நின்றாள். பார்த்து எழுதியதாக முடிவானால் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தை விட்டே நிறுத்திவிடுவார்கள். பிரெஞ்சில் கெஞ்சக்கூட அவளுக்குத் தெரியாது.

கதவு திறந்தது. ஆசிரியை சிரித்தபடி விடைத்தாளை நீட்டி ஏதோ சொன்னார்.

"எண்பத்திரண்டு புள்ளியாம். இதுதான் என்ரை உண்மையான தரமாம். பிரச்சினை முடிஞ்சுதாம்" என்றாள் அனோஜினி.

தெருவுக்கு வந்த பிறகுதான் இமெல்டாவுக்கு மூச்சு வந்தது. "பயத்திலயோ பிள்ளை பிழை விட்டனி?"

"இல்லையம்மா. வேணுமெண்டுதான் மூண்டு கணக்கைப் பிழையாச் செய்தனான். நூறு எடுத்திருந்தால் திரும்பவும் இருத்தியிருப்பினம்."